மதில் ஓணானும் 2எச் பென்சிலும்: வரைபயிற்சியில் இதுவரை

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மதில்மேல் காலை வெயிலுக்கு வந்து அமரும் ஓணானைத்தான் சில மாதங்களாகப் பென்சிலால் வரைந்து பழகி வருகிறேன். இதற்கு வழிகாட்டியாக அமைந்தவை, விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் 1864-இல் லண்டனில் வெளியிட்ட இந்திய ஊர்வன பற்றிய நூலுக்காக ஜார்ஜ் ஃபோர்டு வரைந்த கல்லச்சுப் படங்கள் (கல்லின்மேல் வரைந்து தாளில் அச்சிடுபவை). அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறவைத்த உடல்களில் நிறம் வெளுத்துப் போகும் என்பதால், அக்கால ஓவியர்கள் செதில், அளவு, வடிவம் ஆகியவற்றையே பெரிதும் நம்பினார்கள். பென்சிலை மட்டும் வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளி வேறில்லை.

தலையின் நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு உடலை அளந்து, உடலைப்போல் இரு மடங்குக்கும் மேல் நீளும் வாலுக்குத் தாளில் முதலிலேயே இடம் ஒதுக்கிவிடுகிறேன். அடுத்து, விலாப்புறச் செதில்கள் பின்னோக்கியும் மேல்நோக்கியும் சாய்ந்திருப்பதால், அந்தச் சாய்வில் கடினமான, வெளிர்கோடு தரும் 2எச் பென்சிலால் மெல்லிய வலைக்கோடுகளை இழுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு செதிலையும் அதன் நடுவில் ஓடும் மேட்டுவரியையும் அமைக்கிறேன். செவிக்கு மேலே இரண்டு சிறு முட்கள் தனித்தனியாக நிற்கும். முதுகு முகட்டின் முட்களோடு அவற்றைச் சேர்த்து வரைந்தால் அது வேறு இனம்போல் தோன்றிவிடும். மென்மையான, கருமை தரும் 4பி பென்சில் தாடையின் அடியிலும் முழங்கை மடிப்பிலும் மட்டுமே தாளைத் தொடுகிறது. எங்கள் மதிலில் வெயில் வலப்புறமிருந்து விழுந்தாலும், அறிவியல் படங்களின் மரபுப்படி ஒளி மேல் இடமூலையிலிருந்து வருவதாகவே நிழலிடுகிறேன்.

கண்ணால் காணாத காண்டாமிருகத்தை, பிறர் அனுப்பிய ஒரு குறிப்பையும் கோட்டோவியத்தையும் கொண்டு 1515-இல் மரச்செதுக்கு அச்சுப்படமாக வெளியிட்ட ஜெர்மானிய ஓவியர் ட்யூரர், அதன் தோள்மேல் இல்லாத ஒரு சிறு கொம்பையும் நட்டுவைத்தார். ஐரோப்பா நெடுங்காலம் அதையே நம்பியது. அழகான கோட்டுக்கு அத்தனை வலிமை உண்டு என்பதால்தான், என் தாளில் கண்ணுக்குத் தெரியாத செதில்களை வரையாமல் வெறுமையாகவே விடுகிறேன்.

இப்போது பின்னங்காலை மட்டும் தாளின் ஓரத்தில் இரு மடங்கு பெரிதாக்கி வரைந்து கொண்டிருக்கிறேன். நான்காம் விரலே மிக நீளமானது. அதன் கணுக்களும் நகத்தின் வளைவும் முடிந்த பின்னரே முழு உருவத்துக்கு இறுதி நிழலிட வேண்டும்.