உஹுராவுக்கு முழுப்பேர் கிடைக்க 43 வருஷம்

விண்வெளிக் கப்பல் ஒன்னோட பயணத்தைக் காட்டுற அமெரிக்க டிவி தொடர் ஸ்டார் ட்ரெக், அதோட பழைய சீரிஸை மறுபடி முதல்ல இருந்து பாத்து முடிச்சேன், 1966ல இருந்து 69 வரைக்கும் மொத்தம் 79 எபிசோடு. இந்த தடவை கப்பலோட கேப்டன் கிர்க், அவரோட துணை அதிகாரி ஸ்பாக் ரெண்டு பேரையும் விட்டுட்டு அவங்களுக்குப் பின்னாடி காதுல கருவிய மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவையேதான் கவனிச்சிட்டு இருந்தேன்.

அமெரிக்கால கறுப்பினத்தவங்களோட ஓட்டுரிமையைப் பாதுகாக்க சட்டம் வந்தது 1965ல, அதுக்கு அடுத்த வருஷமே ஒரு கறுப்பினப் பெண் விண்கலத்துல அதிகாரியா டிவில வர்றாங்க. பக்கத்துலயே சுலுங்கிற கேரக்டர்ல நடிகர் ஜார்ஜ் டகேய், ரெண்டாம் உலகப்போர் நேரத்துல ஜப்பானிய வம்சாவளிங்கிற ஒரே காரணத்துக்காக சின்னப் பையனா இருந்தப்பவே குடும்பத்தோட முகாம்ல அடைக்கப்பட்டவர். அப்படிப்பட்டவர் கையில கப்பலை ஓட்டுற பொறுப்பு. இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல.

ஆனா உஹுராவுக்கு வசனம்னு பாத்தா பாதி எபிசோடுல தொடர்பு கிடைச்சிருச்சு கேப்டன், கிடைக்கல கேப்டன், அவ்வளவுதான். உஹுராவா நடிச்ச நிச்செல் நிக்கல்ஸ் முதல் சீசனோட விலகிடலாம்னுதான் இருந்தாங்க, மார்ட்டின் லூதர் கிங் அவங்களை நேர்ல பாத்து போகக்கூடாதுன்னு சொன்னதாலதான் தங்கினேன்னு பின்னாடி பல பேட்டில சொல்லிருக்காங்க. இந்தக் கதையை எல்லாரும் பெருமையா சொல்றாங்க, எனக்கும் பெருமைதான், ஆனா அவ்வளவு திறமையான ஒருத்தங்களுக்கு விலகிப் போற எண்ணம் ஏன் வந்துச்சுங்கிறதையும் சேத்துப் பேசணும்ல.

1968 நவம்பர்ல வந்த, கிர்க்கும் உஹுராவும் முத்தம் கொடுத்துக்கிற அந்தக் காட்சியும் அப்படித்தான். ஒரு வெள்ளைக்கார ஆணும் கறுப்பினப் பெண்ணும் முத்தம் கொடுத்துக்கிறதை அன்னைக்கு டிவில காட்டினதே பெரிய தைரியம். ஆனா கதைல வேத்து கிரகத்துக்காரங்க மனசக்தியால ரெண்டு பேரையும் கட்டாயப்படுத்தித்தான் அது நடக்குது. அவங்க விருப்பப்பட்டு நடந்த மாதிரி எழுத அன்னைக்கு முடியலையேன்னு ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் வருத்தமா இருக்கு.

கான்ங்கிற வில்லன் கேரக்டரும் உறுத்துது. கதைப்படி வட இந்தியாவைச் சேர்ந்த சீக்கியரா இருக்கலாம்னு சொல்றாங்க, நடிச்சது மெக்சிகோவுல பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான், முகத்துக்கு மேக்கப் போட்டு கறுப்பாக்கி. பிரமாதமா நடிச்சிருக்கார், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த வேஷத்துக்கு ஒரு இந்தியரைத் தேடணும்னு யாருக்கும் தோணல. கடைசி எபிசோடு 1969 ஜூன்ல, அதுல வர்ற ஒரு பொண்ணு உங்க கேப்டன்கள் உலகத்துல பெண்களுக்கு இடம் இல்லன்னு கிர்க்கிட்டயே சொல்றாங்க, அவரும் அது நியாயம் இல்லன்னு ஒத்துக்கிறார். இத்தனைக்கும் முதன்முதலா எடுத்த பைலட்ல, அதாவது சேனலுக்குக் காட்ட எடுத்த சோதனை எபிசோடுல, கப்பலோட ரெண்டாவது பொறுப்புல இருந்ததே ஒரு பெண்தான், சேனல் அந்த பைலட்டை வேணாம்னு சொன்னதோட அந்தக் கேரக்டரும் போச்சு.

என்னை ரொம்ப பாதிச்சது பேர் விஷயம்தான். கிர்க்குக்கு ஜேம்ஸ்னு பேர் இருக்கு, கப்பல் டாக்டர் மெக்காய்க்கு லியோனார்ட் இருக்கு. சுலுவோட முதல் பேர் திரையில வந்தது 1991 படத்துல, உஹுராவுக்கு 'நியோட்டா' வந்தது 2009 படத்துல! சுவாஹிலில சுதந்திரம்னு அர்த்தம் வர்ற 'உஹுரு'ங்கிற சொல்லுல இருந்து எடுத்த பேர் உஹுரா, அதை அவ்வளவு யோசிச்சு வச்சவங்க இன்னொரு பாதியை வைக்கவே இல்ல.

1973ல அனிமேஷனா எடுத்தப்போ செலவைக் குறைக்க உஹுரா, சுலு ரெண்டு பேரோட குரலையும் வேற ஆளுங்களை வச்சு முடிச்சிடலாம்னு இருந்தாங்களாம், ஸ்பாக்கா நடிச்ச நிமாய்தான் நிக்கல்ஸும் டகேயும் இல்லாம நான் வரமாட்டேன்னு நின்னார். அந்த சீரிஸ்ல ஒரு எபிசோடுல கப்பல்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாம் சக்தி இழந்து கிடக்கும்போது உஹுரா எழுந்து கப்பலோட பொறுப்பை எடுத்துக்கிறாங்க, பெண்களை மட்டும் கூட்டிக்கிட்டு கீழ இறங்கி கிர்க் ஆளுங்களை மீட்டுட்டு வர்றாங்க. நேத்து ராத்திரி அதை ரெண்டு தடவை பாத்தேன்.