பேனாப் புள்ளியில் தொடங்கிய வேலை

புராஸ்டேட் சுரப்பியிலிருந்து எடுத்த திசுவில் (பயாப்ஸி) புற்று இருக்கிறதா என்று பார்க்க ஏஐ உதவியாளரை எங்கள் லேபில் சேர்க்கலாம் என்று முடிவானதும், அதைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஏஐ பார்ப்பது ஸ்லைடை ஸ்கேன் செய்த படத்தை. அதனால் முதலில் ஸ்கேனரை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். காலேஜ் ஆஃப் அமெரிக்கன் பத்தாலஜிஸ்ட்ஸ் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல் குறைந்தது 60 கேஸ் கேட்கிறது. ஒரே ஆள் ஒவ்வொரு கேஸையும் மைக்ரோஸ்கோப்பிலும் திரையிலும் பார்க்க வேண்டும். நடுவே 2 வாரமாவது இடைவெளி வேண்டும். பார்த்தது மறக்கட்டும் என்பதற்காக. எனக்கு ஆட்களின் பெயர் நிற்காது, கோணலான சுரப்பி ஒன்றைப் பார்த்துவிட்டால் மாதக்கணக்கில் மறக்காது. அதனால் இன்னும் சில நாள் கூட்டிக்கொண்டேன்.

பழைய ஸ்லைடுகளை எடுத்தால், புற்று இருந்த இடத்திலெல்லாம் நானே வைத்த கறுப்புப் பேனாப் புள்ளிகள்! விடையை எழுதி வைத்துவிட்டுப் பரீட்சை நடத்துவதுபோல. ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தோம். சிலவற்றில் திசு மடிந்திருந்தது, சிலவற்றில் திசுவை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்புக்கு அடியில் காற்றுக் குமிழி. மைக்ரோஸ்கோப்பில் கை தானாக ஃபோகஸைத் திருப்பிச் சமாளித்துவிடும். ஸ்கேன் செய்த படம் மங்கினால் மங்கியதுதான். திரும்ப ஸ்கேன் செய்ததிலேயே பாதி நாள் போனது.

அப்புறம்தான் ஏஐ. நான் புற்று இல்லை என்று எழுதிய ஒரு கேஸில் அது சிறு இடத்தைக் குறித்தது. பெரிதாக்கிப் பார்த்தால், நல்ல சுரப்பிகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு மூன்று குட்டிச் சுரப்பிகள். நல்ல சுரப்பியைச் சுற்றி இருக்கும் அடித்தள செல்களைக் காட்டும் பி63 சாயம் போட்டோம். அந்த மூன்றிலும் அடித்தள செல் ஒன்றுகூட இல்லை. புற்றுதான். அன்று மதியம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

இன்னொரு ஸ்லைடில் விந்துப்பை திசுவைப் புற்று என்று காட்டியது. பெரிய, கறுத்த உட்கருக்கள். புதிதாகப் படிக்க வருகிறவர்களும் ஏமாறுகிற இடம் அது. விந்துப்பையில் வழக்கமாக இருக்கும் பொன்பழுப்பு நிறமி செல்லுக்குள் தெரிந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

சரி, எப்போது பயன்படுத்துவது? ஏஐ போட்ட குறியைப் பார்த்துவிட்டால் கண் அங்கேயே ஓடுகிறது, மற்ற இடங்களை மேய்ந்துவிட்டுப் போகிறது. ஆகவே முதலில் குறியை அணைத்துவிட்டு முழு ஸ்லைடையும் பார்த்து என் முடிவை எழுதுகிறேன், பிறகுதான் ஆன் செய்கிறேன். நேரம் மிச்சமாகும் என்று வாங்கியவர்களுக்கு இது பிடிக்கவில்லை.

என் மேஜையில் இருந்த கறுப்புப் பேனாவை டெக்னீஷியன் எடுத்து வைத்துக்கொண்டார். கேட்டாலும் தருவதில்லை.