நியூ ஜெர்சியின் சின்ன ஊர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது: முகவரியும் தடுப்பூசியும்தான் பாதி வேலை

நியூ ஜெர்சியில் ஏறத்தாழ 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் (பள்ளி நிர்வாகப் பகுதிகள்) இருக்கின்றன. பல இடங்களில் ஊருக்கு ஒன்று. கிரான்பரி என்ற ஊரில் இருப்பது ஒரே பள்ளி, அதுவும் எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதாம் வகுப்புக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்குப் போகிறார்கள். சின்ன ஊரில் வீடு பார்ப்பவர்கள் எட்டாம் வகுப்புக்கு அப்புறம் பிள்ளை எங்கே போகும் என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பலர் சறுக்குவது முகவரியில். தபால் முகவரியில் பிரின்ஸ்டன் என்று இருந்தால் பள்ளியும் பிரின்ஸ்டன்தான் என்று நம்பி லீஸில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிரின்ஸ்டனின் 08540 என்ற ஜிப் கோடு பக்கத்து டவுன்ஷிப்புகளுக்குள்ளும் நீள்கிறது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் வெஸ்ட் விண்ட்சரில் இருக்கிறது, மான்மவுத் ஜங்ஷன் சவுத் பிரன்ஸ்விக்கில் இருக்கிறது. மெட்டச்சனைச் சுற்றி நாலு பக்கமும் எடிசன்; ஒரு தெரு தாண்டினால் டிஸ்ட்ரிக்ட் மாறிவிடும். பள்ளிச் செலவில் பெரிய பங்கு ஊர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், வரி எந்த ஊருக்குப் போகிறதோ அதுதான் கணக்கு. ஆகவே வீட்டுக்காரரிடம் “சொத்து வரி எந்த டவுன்ஷிப்புக்குக் கட்டுகிறீர்கள்?” என்று கேளுங்கள். பிறகு கதவு எண்ணோடு டிஸ்ட்ரிக்டில் சேர்க்கையைக் கவனிக்கும் ரெஜிஸ்ட்ராருக்குப் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். கையெழுத்து அதற்கப்புறம்தான்.

குடியிருப்புக்குச் சான்றாக லீஸ், மின் கட்டண பில், வங்கிக் கடிதம், கம்பெனிக் கடிதம் என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். வந்து பத்து நாள்கூட ஆகாதவரிடம் மின் பில் எப்படி இருக்கும்? அதனால் சேர்க்கையைத் தள்ளிப் போட வேண்டாம். மாநில விதிப்படி, கொடுத்த ஆவணங்களை மொத்தமாக எடைபோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வருமான வரிப் படிவம், சோஷியல் செக்யூரிட்டி எண், எஃப்-1 (மாணவர் விசா) தவிர்த்த விசா தாள்கள் ஆகியவற்றைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக்கக் கூடாது. குடியேற்ற நிலையைக் காட்டிப் பொதுப் பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது என்று 1982-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் சேர்ந்த 30 நாளுக்குள் கொடுக்கலாம். இந்தியாவில் படித்த பள்ளியின் டி.சி. வரவில்லை என்பதும் மறுப்புக்குக் காரணம் ஆகாது.

இந்த ஊரில் குடியிருப்பதாக ஏற்க முடியாது என்று பள்ளியை நடத்தும் போர்டு எழுத்தில் மறுத்தால், 21 நாளுக்குள் மாநிலக் கல்வி ஆணையருக்கு மேல்முறையீடு செய்யலாம். அது நடக்கும்வரை பிள்ளை பள்ளிக்குப் போகலாம். ஆனால் தோற்றால் அத்தனை நாளுக்கும் கட்டணம் தலையில் விழும். உண்மையிலேயே அந்த ஊரில் இருப்பவர்கள் மட்டும் இந்த வழிக்குப் போக வேண்டும்.

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது தடுப்பூசி. நம் ஊர் அட்டவணையும் இங்குள்ளதும் பல இடங்களில் ஒட்டாது. முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசி இங்கே செல்லாது. ஆக ஒன்பது மாதத்தில் போட்டது போச்சு. நம் ஊர் அரசு மருத்துவமனையில் போடுவது எம்.ஆர்.; அதில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மருந்து உண்டு, எம்.எம்.ஆரில் இருக்கும் பொன்னுக்குவீங்கிக்கான மருந்து இல்லை. ஒன்பதாம் மாதமும் பதினாறாம் மாதமும் எம்.ஆர். போட்ட பிள்ளைக்கு இன்னும் ஒரு எம்.எம்.ஆர். போட்டால்தான் கணக்கு நேராகும். சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் கிடையாது. தனியாகப் போட வேண்டும். ஏப்ரல் 1, 2016 முதல் கொடுத்த போலியோ சொட்டு மருந்தை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கணக்கில் எடுப்பதில்லை, ஊசியாகப் போட்டதைத்தான் எண்ணும். ஹெபடைட்டிஸ் பி கடைசி டோஸைப் பிள்ளைக்கு 24 வார வயது ஆகும் முன் போட்டிருந்தால் டாக்டர்கள் மறுபடி போடச் சொல்வார்கள். முத்தடுப்பு ஊசியில் ஒன்று நான்காவது பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தம் ஐந்து டோஸ் காட்ட வேண்டும்.

எம்.எம்.ஆரும் சின்னம்மை ஊசியும் ஒரே நாளில் போடலாம். ஒரே நாளில் போடாவிட்டால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் 28 நாள் காத்திருக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனை கேட்டால், தோலில் ஊசி போட்டுப் பார்ப்பதற்குப் பதில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி.யால் தோல் சோதனை சிலருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும்.

தேதியும் வம்பு செய்யும். 05/04/2019 என்றால் நமக்கு ஏப்ரல் 5, பள்ளி நர்ஸுக்கு மே 4. மாதத்தை எழுத்தில் எழுதி, டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய ஆங்கிலப் பட்டியலை விமானம் ஏறும் முன்பே தயார் செய்துவிடுங்கள். ஊசி பாக்கி இருந்தாலும், ஒவ்வொரு வகையிலும் ஒரு டோஸாவது போட்டிருந்தால் மீதியை முடிக்கும்வரை தற்காலிகமாக அனுமதிப்பார்கள்.

வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் வரும். பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் ஆங்கிலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தப்பு. தமிழ் என்றே எழுதுங்கள். தேவைப்பட்டால் ஆங்கிலத் திறனைச் சோதிப்பார்கள். நன்றாகச் செய்தால் விஷயம் முடிந்தது. தடுமாறினால் கூடுதல் உதவி இலவசமாகக் கிடைக்கும். வேண்டாமென்று பெற்றோர் மறுக்கவும் உரிமை உண்டு. மறுத்தாலும் ஆண்டுத் தேர்வு மட்டும் எழுத வேண்டியிருக்கும்.

ஹைஸ்கூலில் சேரும் பிள்ளைக்கு மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்டத்தையும் எடுத்துப் போங்கள். ஹைஸ்கூல் டிப்ளமா பெற 120 கிரெடிட் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் புள்ளிகள்) வேண்டும், அதில் அமெரிக்க வரலாறு இரண்டு ஆண்டு கட்டாயம். பதினோராம் வகுப்பில் வந்து சேர்பவர்கள் முதல் வாரமே பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கைடன்ஸ் கவுன்சிலரைப் பார்த்து அந்த இரண்டு ஆண்டையும் கால அட்டவணையில் போட்டுக்கொள்ள வேண்டும்.