விளாவிக் கொடுக்கும் கடல்

அக்டோபர் முதல் வாரம் அம்மாவோடு இஸ்கியா போவதாக முடிவு. இத்தாலியில், நேப்பிள்ஸ் வளைகுடாவில் இருக்கும் எரிமலைத் தீவு. நேப்பிள்ஸிலிருந்து விரைவுப் படகில் ஒரு மணி நேரம்.

தீவு முழுக்க வெந்நீர் ஊற்றுகள். ஃபோரியோ என்ற ஊரில் போசைடன் என்று பெரிய வெந்நீர்ப் பூங்கா. 28 டிகிரியில் தொடங்கி 40 டிகிரி வரை வரிசையாகக் குளங்கள். அக்டோபர் கடைசியோடு மூடிவிடுவார்கள், அதனால்தான் இந்தத் தேதி.

ஆனால் என் மனசு அதே தீவில் சோர்ஜெட்டோ என்ற கடற்கரை மேல்தான். டிக்கெட்டே கிடையாது. 200-க்கும் மேற்பட்ட படி இறங்கினால், பாறைகளுக்கு நடுவே கொதிநீர் கொப்பளித்துக் கடலோடு கலக்கிறது. சூடு தாங்கவில்லையா, கடல் பக்கம் ஒரு அடி. குளிர்கிறதா, பாறைப் பக்கம் ஒரு அடி. வீட்டில் பக்கெட்டில் நாம் விளாவுவதை அங்கே அலை செய்கிறது.

படிக்கட்டு விஷயத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்துக் கிராமமான சாந்தாஞ்செலோவிலிருந்து படகில் போகலாம், அவர் முட்டிக்கு அதுதான் சரி. அப்புறம், பட்ஜெட்டைக் காட்டியதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: “வெந்நீர்ல குளிக்க எதுக்குடி பிளேன்?”