சாறே சேர்க்காத குழாய்

நேற்று முதலாண்டு வகுப்பில் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் செக் பற்றிப் பேசினேன். மணி அடித்த பிறகும் நாலைந்து பேர் எழுந்து போகவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

செக் 1978-இல் கொலராடோ பல்கலைக்கழக வேதியியல் துறையில் சேர்ந்தார். மரபணுவைப் படியெடுத்த ஆர்.என்.ஏ.வின் நடுவே இன்ட்ரான் என்ற வேண்டாத துண்டு இருக்கும். அதை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் ஒட்ட வேண்டும். வெட்டுவது எந்த நொதி? டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியில் தேடினார். நொதி என்றால் புரதம்தான் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

ஆர்.என்.ஏ. இருந்த ஒரு குழாயில், நொதி இருக்கும் என்று நினைத்த செல்கருவின் சாறு சேர்த்தார்கள். ஒப்பீட்டுக்கு வைத்த இன்னொன்றில் சேர்க்கவில்லை. இரண்டிலும் இன்ட்ரான் வெட்டுப்பட்டிருந்தது! குழாய் தயாரித்ததில் ஏதோ பிசகு என்றுதான் செக் முதலில் நினைத்தார். அப்புறம் கொதிக்க வைத்தார்கள், புரதத்தைச் சிதைக்கும் நொதியைப் போட்டார்கள். அப்போதும் வெட்டு நிற்கவில்லை. கடைசியில், டெட்ராஹைமினா செல்லையே பார்த்திராத ஆர்.என்.ஏ.வைச் சோதனைக்குழாயில் உருவாக்கினார்கள். அதுவும் தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொண்டது. 1982-இல் வெளியான அந்தக் கட்டுரையை இப்போது படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

1989-இல் சிட்னி ஆல்ட்மனுடன் வேதியியல் நோபல். பிறகு ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் தலைவர் பதவி, 2000 முதல் 2009 வரை. அது முடிந்ததும் மறுபடி கொலராடோவுக்கே வந்தார், ஆய்வுக்கும் வகுப்புக்கும்.

“சார், அந்த இரண்டாவது குழாயை யாராவது கழுவிப் போட்டிருந்தால்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.