சோவியத் பேட்ஜ் வாங்கும்முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

டர்பனில் சோவியத் ராணுவப் பேட்ஜ் ஒன்று விலைக்கு வந்தால் கூடவே ஒரு கதையும் வரும். அங்கோலாப் போருக்குப் போன தென்னாப்பிரிக்கச் சிப்பாய் கொண்டுவந்தது என்பார்கள். அல்லது ஒடெசாவிலோ கிரிமியாவின் பெரெவால்னோயேவிலோ பயிற்சி பெற்ற எம்.கே. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் என்ற ஏ.என்.சி.யின் ஆயுதப் பிரிவு) போராளி ஒருவர், 1990இல் ஏ.என்.சி. மீதான தடை நீங்கியபின் ஊர் திரும்பும்போது பெட்டியில் வைத்திருந்தது என்பார்கள். இரண்டும் நடக்கக்கூடியவைதாம். ஆனாலும் காசு கதைக்கு அல்ல, பேட்ஜுக்குத்தான் கொடுக்கிறோம். அதனால் அந்தக் கதையையே முதல் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். 1970, 80களில் அங்கோலாவில் இருந்த சோவியத் ஆலோசகர் ஒருவரிடமிருந்து கைமாறியது என்றால், அது அந்தக் காலத்துப் பேட்ஜாகத்தான் இருக்க நியாயம் உண்டு. அதே கதையைச் சொல்லிக்கொண்டு 1942ஆம் ஆண்டின் 'ஸ்னைப்பர்' பேட்ஜை நீட்டினால், கதையும் பொருளும் அங்கேயே முட்டிக்கொள்கின்றன.

போலியைப் பிடிப்பதற்கு இந்தப் பொருத்தம் பார்ப்பதுதான் அடிப்படை. உலோகம், எனாமல், பின்பக்கப் பிடிப்பு, முத்திரை, தேய்மானம் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் வேறு காலத்தைக் காட்டினால் மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கக் கூடாது. தேவையான கருவிகள் கொஞ்சம்தான்: பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், டிஜிட்டல் வெர்னியர், 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு, ஒரு புறஊதா டார்ச், ஒரு சின்னக் காந்தம்.

முதலில் பின்பக்கம். போலி செய்பவர் உழைப்பையெல்லாம் முன்பக்கத்தில்தான் கொட்டுவார். போர்க்காலப் பேட்ஜுகளில் பெரும்பாலானவை தோட்டுத் திருகாணி போலப் பின்னால் ஒரு திருகுத் தண்டும், அதை முடுக்க வட்டமான நட்டும் கொண்டவை. அந்தத் தண்டு பேட்ஜோடு சேரும் அடிப்பகுதியை லென்ஸில் பாருங்கள். அசலில் பற்றாசு அளவாக ஓடி, சுற்றிலும் மெல்லிய வளையமாகத் தெரியும். போலியில் பற்றாசு குவிந்து கிடக்கும், அல்லது எபாக்ஸி பசை இருக்கும். இருட்டறையில் புறஊதா டார்ச் அடித்தால் பசை பெரும்பாலும் வெளுத்த நீலமாக ஒளிரும். கடையில் வாங்கிய புது போல்ட்டின் தலையை வெட்டி ஒட்டியிருந்தால், மரை கூர்மையாக, அழுக்கே இல்லாமல், நுனிவரை ஒரே சீராக இருக்கும். பல வருடம் சட்டையில் ஏறி இறங்கிய தண்டில் முதல் இரண்டு மூன்று சுற்று மரை மழுங்கியிருக்கும். பள்ளங்களில் அழுக்கும் களிம்பும் அடைந்திருக்கும்.

நட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யவே வேண்டாம். நட்டில் 'மொனெத்னி த்வோர்', அதாவது நாணயசாலை, என்று எழுதியிருக்கும். அல்லது மாஸ்கோவின் 'போபெதா' தொழிற்சாலைப் பெயர் இருக்கும். அந்த நட்டு அசலாகவே இருக்கலாம். ஆனால் உடைந்த பேட்ஜிலிருந்து கழற்றிய நட்டைப் போலிக்கு மாட்டுவது இந்த வியாபாரத்தில் மிகச் சுலபமான வேலை.

எனாமல்தான் போலியை அதிகம் காட்டிக்கொடுக்கும் இடம் என்பது எங்கள் கருத்து. அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பழைய பேட்ஜுகளில் இருப்பது சூளையில் சுட்ட எனாமல். அதாவது உருகி உலோகத்தோடு ஒட்டிய கண்ணாடி. சுட்டபின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்துவதால், எனாமலும் அதைச் சுற்றியுள்ள உலோக வரம்பும் ஒரே மட்டத்தில் நிற்கும். சிவப்பு எனாமல் பல பேட்ஜுகளில் ஊடுருவித் தெரியும். சாய்த்துப் பிடித்தால் ஒளி அடியிலுள்ள உலோகத்தில் பட்டு மேலே வரும். போலிகளில் ஊற்றுவது பிசின் கலந்த குளிர் எனாமல். அது காயும்போது சுருங்கும். ஆகவே ஓரம் வரம்பில் ஏறி ஒட்டியிருக்க, நடுப்பகுதி தாழ்ந்து கிண்ணமாக நிற்கும். கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டால் வரம்பை மீறி உப்பி நிற்கும். கண்ணாடி எனாமலிலும் ஒன்றிரண்டு ஊசித்துளி இருக்கலாம். ஆனால் குமிழிகள் உருண்டையாக, கூட்டமாக உள்ளே மாட்டிக்கிடந்தால் அது பிசின்.

உடைந்த இடம் இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி எனாமல் உடைந்தால் சிப்பி வடிவில், ஓரம் கூராக, அடியில் உலோகம் தெரிய உடையும். பிசின் பெயர்ந்து வரும், அல்லது நசுங்கும். சுத்தமான ஊசியை மெதுவாக அழுத்தினால் கண்ணாடியில் வழுக்கும், பிசினில் பதியும். ஊசியைச் சூடாக்கி வைக்கும் சோதனையும் உண்டு. அதைச் சொந்தப் பொருளில், கண்ணுக்குப் படாத ஓரத்தில் மட்டும் செய்யலாம். விற்பவரின் பொருளில் செய்வது அநியாயம்.

இதில் ஒரு எச்சரிக்கை: குளிர் எனாமல் என்றாலே போலி என்று தூக்கிப்போட வேண்டாம். சோவியத்தின் கடைசிக் காலத்தில் அலுமினியத்தில் அடித்த மலிவான பேட்ஜுகளில் வண்ணம் பூசுவதே வழக்கம். அங்கே பிசினும் பெயிண்டும் இயல்பு. அவற்றில் அசிட்டோன் பஞ்சு வைத்துத் தேய்த்தால் அசலைத்தான் கெடுப்பீர்கள். அலுமினியத்தில் சுட்ட கண்ணாடி எனாமல் போட்டுப் 'போர்க்காலம்' என்றாலும், 1942 பேட்ஜில் பிசின் ஊற்றியிருந்தாலும், இரண்டிலும் காலம் பொருந்தவில்லை. இன்னொன்று, அசல் பேட்ஜில் உடைந்த இடத்தை மட்டும் பிசின் வைத்து அடைப்பதும் நடக்கிறது. டார்ச் அடித்தால் அந்தத் திட்டு மட்டும் தனியாக ஒளிரும். பழுது பார்த்த அசலுக்கு அதற்குரிய விலைதான் தர வேண்டும்.

அடுத்தது, பேட்ஜ் அச்சில் அடித்ததா, வார்த்ததா என்பது. சோவியத் ஆலைகள் எஃகு அச்சில் அழுத்தி அடித்தன. எழுத்தின் பக்கச் சுவர் செங்குத்தாக, ஓரம் கூராக, தரை வழவழப்பாக இருக்கும். அசலை வைத்து அச்செடுத்து வார்த்த போலியில் எழுத்தின் ஓரம் மழுங்கும். தரையில் மணல் தூவியதுபோல் நுண்குழிகள் தெரியும். விளிம்பில் அரத்தால் ராவிய கோடுகள் இருந்தால், வார்ப்பின் இணைப்பை மறைக்க ராவியிருக்கிறார்கள். வார்ப்பு குளிரும்போது சுருங்குவதால் அளவும் ஒன்றிரண்டு சதவீதம் குறையும். 'ஸ்னைப்பர்', 'சிறந்த பீரங்கி வீரர்' வரிசை 1942 மே 21இல் ஏற்பட்டது. அந்தப் பேட்ஜின் உயரம் 46 மி.மீ., அகலம் 37 மி.மீ. வெர்னியரில் 45க்குச் சற்று மேலே நின்றால் வார்ப்பு என்று சந்தேகப்படலாம். இரண்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஓர் இடம் மட்டும் குறைந்தால் அது தேய்மானம், எல்லா இடமும் ஒரே விகிதத்தில் குறைந்தால் வார்ப்பு.

எழுத்தையும் விடக் கூடாது. ரஷ்ய எழுத்து தெரியாதவர் அச்சு வெட்டும்போது, ஆங்கில 'என்' திரும்பி நிற்பதுபோல் இருக்கும் 'இ' எழுத்தை நேர் 'என்' ஆக்கிவிடுவார். 'யா' எழுத்தை 'ஆர்' போல வெட்டிவிடுவார். 'தே' எழுத்தின் அடியில் இருக்கும் இரண்டு சின்னக் கால்கள் காணாமல் போகும். அதே 1942 மே 21இல் வந்த 'க்வார்தியா' (காவற்படை) பேட்ஜில் இந்த 'தே', 'இ', 'யா' மூன்றுமே வருவதால், அதன் கொடியில் இருக்கும் ஏழு எழுத்தையும் லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது வீண் போகாது. இப்போது கணினியில் வரைந்து வெட்டும் நல்ல போலிகளில் இந்தத் தவறு குறைந்துவிட்டது. ஆனால் அவற்றில் எல்லா எழுத்தும் ஒரே கனத்தில், உயிரில்லாத நேர்த்தியோடு நிற்கும்.

பின்பக்க முத்திரைகளில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 'த்ஸ' எழுத்தும் எண்ணும் 'க' எழுத்தும் அடித்திருந்தால் அது விலை: இத்தனை கோபெக். அப்படிப்பட்டது கடையில் விற்ற நினைவுப் பேட்ஜ். ராணுவம் வழங்கியது அல்ல. போலி இல்லைதான், ஆனாலும் வீரர் அணிந்தது என்று விற்றால் ஏமாற்று. 'எல்.எம்.டி.' என்ற லெனின்கிராட் நாணயசாலைச் சுருக்கமுத்திரை போருக்குப் பிந்தைய பேட்ஜுகளில் காண்பது. அதைப் போர்க்காலம் என்று சொல்லி விற்பவரிடம் மேற்கொண்டு பேரம் தேவையில்லை.

வெள்ளிப் பதக்கங்களுக்குத் தராசே போதும். 'ஸா அத்வாகு' ('வீரத்துக்காக') பதக்கம் 1938 அக்டோபர் 17இல் ஏற்பட்டது, 37 மி.மீ. விட்டமுள்ள வெள்ளி வட்டு, மேலே மூன்று விமானம், நடுவில் சிவப்பு எனாமல் எழுத்து, கீழே டி-35 டாங்கி. சட்டையில் மாட்டும் தொங்கல் இல்லாமல் வட்டு மட்டும் கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் உலர்ந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். மெல்லிய நூலில் வட்டைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். உலர்ந்த எடை 27.00 கிராம், தொங்கும்போது தராசு காட்டுவது 2.63 என்றால், 27.00ஐ 2.63ஆல் வகுக்க 10.27 வரும். ஸ்டெர்லிங் வெள்ளியின் அடர்த்தி 10.3 சுமார், எனாமல் கொஞ்சம் குறைக்கும். 8.5 பக்கம் வந்தால் வெள்ளி முலாம் பூசிய பித்தளை, 6.7 பக்கம் வந்தால் துத்தநாகக் கலவை. வளையத்தை நெம்பித் தொங்கலைக் கழற்றி இந்தச் சோதனை செய்யாதீர்கள், பதக்கத்தின் மதிப்பே போய்விடும். பல அடுக்காக இணைத்த 'ஆர்டர்' எனப்படும் உயர் விருதுகளுக்கும் இது ஆகாது. அடுக்குகளுக்கு நடுவே காற்று நிற்கும். காந்தத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம், பித்தளையும் துத்தநாகமும் வெள்ளி போலவே ஒட்டாது. நகைக்கடையில் உரைகல்லில் தேய்க்கச் சொல்வதும் கூடாது. எக்ஸ்ரே மெஷின் வைத்திருக்கும் கடையாகப் பார்த்துக் கொடுத்தால் கீறல் இல்லாமல் விடை கிடைக்கும். முலாம் கனமாக இருந்தால் அந்த மெஷினும் மேல்தோலை மட்டும்தான் படிக்கும், ஆகவே அடர்த்தியையும் சேர்த்துப் பாருங்கள்.

செந்நட்சத்திர ஆர்டரில் ஏமாற்று நடக்கும் இடம் எண். 1930 ஏப்ரல் 6இல் ஏற்பட்ட இந்த ஆர்டரின் முனைக்கு முனை அகலம் 47 முதல் 50 மி.மீ.; பின்பக்கம் நாணயசாலைப் பெயரும், கையால் வெட்டிய வரிசை எண்ணும் இருக்கும். உளியால் வெட்டிய எண்ணில் ஒரே வீச்சில் போன பள்ளம், இருபுறமும் வழவழப்பான சரிவு தெரியும். பிற்காலத்தில் பல் மருத்துவர் கருவி போன்ற சுழல்முனையால் எழுதினார்கள். அந்தக் கோடு லென்ஸில் சின்னச் சின்ன அதிர்வுப் படிகளாகத் தெரியும். ஆரம்பகாலத்துச் சிறிய எண் சுழல்முனைக் கோட்டில் இருந்தால் யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள். பழைய எண்ணை ராவி எடுத்திருந்தால் அந்த இடம் லேசாகக் குழியும். ஜன்னல் ஓரத்தில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், ஒளிக்கோடு அந்த இடத்தில் வளையும்.

அசலையே வேறு காலத்து அசலாக விற்பதும் உண்டு. தேசபக்தப் போர் ஆர்டர் 1942 மே 20இல் வந்தது. போர்க்கால முதல் வகுப்பில் உண்மையான தங்கம் இருந்தது. 1985இல் வெற்றியின் நாற்பதாம் ஆண்டுக்காக உயிரோடிருந்த முன்னாள் வீரர்களுக்கு வழங்கிய முதல் வகுப்பு, முலாம் பூசிய வெள்ளி. இரண்டும் அரசு வழங்கியவையே, விலைதான் மலைக்கும் மடுவுக்கும். தேய்ந்த முனைகளில் தங்க நிறத்துக்கு அடியில் வெள்ளை எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள்.

தேய்மானத்துக்கும் கறுப்புக்கும் நம் ஊர் ஈரக் காற்றே நல்ல அளவுகோல். கடலோர உப்புக் காற்றில் வெள்ளி முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, நீலக் கறுப்புக்குப் போகும். அதுவும் இடத்துக்கு இடம் மாறுபடும். கந்தகக் கரைசலில் முக்கியெடுத்த போலி, மேடு பள்ளம் என்றில்லாமல் ஒரே கறுப்பாக இருக்கும். ஈரப் பஞ்சில் கறுப்பு வந்துவிடும். சட்டையில் அணிந்த பேட்ஜில் மேடுகள் தேய்ந்து பள்ளங்கள் புதிதாக இருக்கும். உருளையில் போட்டுப் பழசாக்கியதில் உள்மூலை, பின்பக்க விளிம்பு எல்லாம் ஒரே அளவில் மழுங்கும். வாங்கிய பேட்ஜைப் பாலிஷ் போடாதீர்கள். அடுத்தவர் அசலா என்று பார்ப்பதற்கான தடயம் அதில்தான் இருக்கிறது. பி.வி.சி. உறையும் வேண்டாம், நம் வெயிலில் அது பச்சைப் பிசுக்கை விடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பா போதும்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் ஐந்து படம் கேளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு பக்கவாட்டில், நட்டு கழற்றிய நிலையில் திருகின் அடி, வெர்னியரின் பிடியில் அளவு தெரியும்படி ஒன்று. தராசில் வைத்த படமும் கிடைத்தால் நல்லது. ரஷ்யாவிலிருந்து அரசுப் பதக்கம் அனுப்புகிறேன் என்பவரை ஒதுக்கிவிடுங்கள். அங்கே அரசு விருதுகளை வாங்குவதும் விற்பதும் குற்றவியல் சட்டத்தின் 324ஆம் பிரிவில் வருகிறது. 'நொவொதெல்' அல்லது 'முல்யாஷ்' என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தால், அது பிற்காலத்தில் செய்த நகல் என்று அவரே சொல்லிவிட்டார். நகலுக்கு நகல் விலை கொடுக்கலாம். திருகின் அடியைப் படமெடுத்து அனுப்ப விற்பவர் இரண்டு முறை மறுத்தால், மூன்றாம் முறை கேட்க வேண்டாம்.