எல்லா அம்புக்குறிகளும் ஒரே மெயிலில் போய் முடிந்தன

வீட்டுக் கணினிக்குப் பாதுகாப்பு என்றதும் எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி எனக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது. விண்டோஸோடு டிஃபெண்டர் வருகிறது, அது ஓடிக்கொண்டும் இருந்தது. வீட்டுப் பயன்பாட்டுக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். மீதி வேலை முழுக்க பாஸ்வேர்டுகளோடுதான்.

ஆரம்பித்து வைத்தது ட்ராய் ஹண்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்டு' தளம். மெயில் முகவரியைக் கொடுத்தால், இதுவரை கசிந்த தரவுகளில் எங்கெல்லாம் அது சிக்கியிருக்கிறது என்று காட்டும். என் முகவரிக்கு நீளமாகவே ஒரு பட்டியல் வந்தது. சில தளங்களில் கணக்கு வைத்திருந்ததே நினைவில்லை. பாஸ்வேர்டையும் அங்கே சோதிக்கலாம். யாரோ நடத்தும் தளத்தில் போய் பாஸ்வேர்டைத் தட்டுவதா என்று தயங்குவது நியாயம்தான். ஆனால் அது வெளியே போவதில்லை. நம் பிரவுசரே அதை ஹாஷாக, அதாவது திருப்பிப் பாஸ்வேர்டாக்க முடியாத ஓர் எழுத்துக் கோவையாக மாற்றி, முதல் 5 எழுத்துகளை மட்டும் அனுப்புகிறது. அந்த எழுத்துகளில் தொடங்கும் ஹாஷ்கள் எல்லாம் பட்டியலாகத் திரும்பி வர, ஒப்பிடுவது நம் கணினியில் நடக்கிறது.

சரி, எங்கிருந்து மாற்றத் தொடங்குவது? ஒரு தாளில் வங்கி, ஷாப்பிங், போட்டோ சேமிப்பு என்று முக்கியமான கணக்குகளை எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் தகவல் எங்கே போகும் என்று பார்த்து, அங்கே ஒரு அம்புக்குறி போட்டேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே மெயில் கணக்கில் போய் நின்றன. அந்த மெயிலுக்கு மீட்பு முகவரி? என்றோ தொடங்கி, பல வருடங்களாகத் திறக்காத இன்னொரு மெயில். அதில் நுழையப் பார்த்தால், அப்படி ஒரு கணக்கே இல்லை என்று பதில் வந்தது. இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பயன்படுத்தாத முகவரிகளை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் வழக்கமும் உண்டு. யாஹூ 2013-இல் அப்படிச் செய்தது. என்னுடையது வேறு நிறுவனத்தின் முகவரி என்றாலும், உடனே மீட்பு முகவரியை மாற்றினேன். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பாஸ்வேர்டுகளையெல்லாம் பூட்டி வைத்து, வேண்டிய தளத்தில் தானே நிரப்பும் மென்பொருள்தான் பாஸ்வேர்டு மேனேஜர். அதில் பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி இரண்டையும் பார்த்தேன். இரண்டுமே திறமூலம், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம். கீபாஸ்எக்ஸ்சி எல்லாவற்றையும் பூட்டிய ஒரே கோப்பாக நம் கணினியில் வைக்கும். அதை மற்ற சாதனங்களுக்குக் கொண்டுபோவது நம் பொறுப்பு. அம்மாவின் போனிலும் ஓட வேண்டும் என்பதால், அந்த வேலையைத் தானே செய்யும் பிட்வார்டனை எடுத்தேன். மேனேஜரையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு, அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு புரட்டிக் கை பட்ட சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்தில் கோத்துக்கொண்டேன். நாமாக யோசித்தால் சாமி பெயரும் பிள்ளை பெயரும்தான் வரும்! தமிழ் எழுத்திலேயே வைக்கலாம்தான், ஆனால் தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியில் திண்டாட வேண்டியிருக்கும். அம்மா தன்னுடையதை ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வைத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. எங்கோ உட்கார்ந்து பாஸ்வேர்டு திருடுகிறவருக்கு அந்த அலமாரி எட்டாது.

பிரவுசரில் ஏற்கெனவே சேமித்திருந்தவற்றை சிஎஸ்வி கோப்பாக எடுத்து உள்ளே ஏற்றலாம். அந்தக் கோப்பில் எல்லா பாஸ்வேர்டும் பச்சையாக, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கும். ஏற்றிய கையோடு அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட வேண்டும். மெயிலையும் வங்கியையும் உடனே மாற்றினேன். மற்றவற்றை அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது ஒவ்வொன்றாக மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய உட்கார்ந்தால் பாதியில் வெறுத்துப்போகும்.

அடுத்தது இருபடிச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணையும் கேட்பது. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி இல்லாததைவிட மேல், ஆனால் நம் எண்ணுக்கு வேறொருவர் சிம் வாங்கிவிட்டால் அது அவருக்குத்தான் போகும். அதனால் முடிந்த இடங்களில் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்தேன். அது ஒரு ரகசிய எண்ணையும் கடிகாரத்தையும் வைத்து 30 விநாடிக்கு ஒருமுறை புது எண்ணைக் கணக்கிடுகிறது. அதற்கு சிக்னல்கூட வேண்டாம். இங்கேதான் தாளை மறுபடி எடுக்க வேண்டிவந்தது. போன் தொலைந்தால் என்ன ஆகும்? புதுப் போனில் மேனேஜரைத் திறக்க ஆப்பின் எண் வேண்டும். அந்த ஆப் தொலைந்த போனில். மெயில் வழியாகப் போகலாம் என்றால், மெயில் பாஸ்வேர்டு மேனேஜருக்குள். அம்புக்குறிகள் வட்டமாகிவிட்டன. வட்டத்தை உடைப்பது மீட்புக் குறியீடுகள்தான், அதாவது ஆப் இல்லாத நேரத்தில் பயன்படுத்த அந்தந்தச் சேவை முன்கூட்டியே தரும் குறியீடுகள். மெயிலுக்கும் மேனேஜருக்கும் உரியவற்றைத் தாளில் அச்சிட்டு, ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றை அக்காவிடமும் வைத்தேன். இந்த வேலையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யச் சொல்வேன்.

மேனேஜரால் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று கிடைத்தது. ஒருநாள் அம்மா கூப்பிட்டு, "என்னப்பா, இந்தப் பக்கத்துல மட்டும் பாஸ்வேர்டு தானா வரமாட்டேங்குது?" என்றார். மெயிலில் வந்த இணைப்பைத் தட்டிப் போன பக்கம். பார்வைக்கு அசலேதான், முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். நம் கண் லோகோவைப் பார்க்கிறது, மேனேஜர் முகவரியைப் பார்க்கிறது. தானாக வராத இடத்தில் கையால் தட்டக் கூடாது என்பது இப்போது வீட்டு விதி.

அம்மா அப்பா பயன்படுத்தும் விண்டோஸ் கணக்கை அட்மினிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு மாற்றினேன். முக்கால்வாசி மென்பொருளை நிறுவப் போனால் இப்போது அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். "எதுக்கெடுத்தாலும் உன்னைக் கூப்பிடணுமா?" என்று அப்பா கொஞ்ச நாள் முணுமுணுத்தார். 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மூலையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது வைரஸே இல்லை. என்றோ ஏதோ ஒரு தளத்துக்குக் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. பிரவுசர் அமைப்புகளில் அதை நீக்கியதும் நின்றுவிட்டது.

அப்டேட்டைத் தள்ளிப்போடும் வழக்கம் அப்பாவுக்கு உண்டு. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வான்னாக்ரை 2017 மே மாதம் கணினிகளைப் பூட்டியபோது, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது என்று சொன்னபின் தானியங்கி அப்டேட்டுக்குச் சம்மதித்தார். பழைய லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், அதில் லினக்ஸ் போட்டுவிட்டேன். போட்டோக்களின் பேக்கப் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. நகல் எடுக்கும் நேரம் தவிர அதைக் கழற்றியே வைக்கிறோம். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அதிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறு கணினியில் திறந்து பார்த்தேன், படங்கள் சரியாகத் திறந்தன. பாஸ்வேர்டுக்குப் பதில் சாதனத்தின் கைரேகை அல்லது பின் கொண்டு நுழையும் பாஸ்கீ முறை இருக்கும் தளங்களில் என் கணக்கை அதற்கு மாற்றிவருகிறேன். எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் கணக்குகளுக்கு இப்போதைக்கு பாஸ்வேர்டுதான்.